மொய் நோட்டில் ஒரு பெயர்

மதுரை,
ஞாயிறு ராத்திரி

என் அன்புச் சண்டைக்காரிக்கு,

உன் நாத்தனார் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். "அந்த வீட்டுப் பேச்சே எனக்கு வேண்டாம்" என்று போனில் கத்திவிட்டு, அடுத்த மூச்சிலேயே "என்ன கலர் பட்டு?" என்று கேட்டவள்தானே நீ. அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் பார்டர். பொண்ணுக்கு எடுப்பாக இருந்தது. மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை ஆரம்பித்துவிட்டது, ஆனால் சிரித்த முகம். சாப்பாடு பரவாயில்லை. பாயசத்தை மட்டும் யாரோ அடிப்பிடிக்க விட்டிருந்தார்கள்.

கல்யாணப் பத்திரிகைதான் தெரு முழுக்கப் பேச்சு. நீ போனில் அனுப்பியதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. உன் மாமியார் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து என் கையில் கொடுத்தபோது உறைத்தது. "தங்கள் நல்வரவை நாடும்" என்பதற்குக் கீழே பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார், அத்தைமார், அவர்களுடைய மருமகன்கள். மழலைகள் பட்டியலில் இன்னும் தலை நிற்காத குழந்தைக்குக்கூட இடம் இருக்கிறது. பொண்ணோடு கூடப்பிறந்த ஒரே அண்ணனுக்கு, உன் வீட்டுக்காரருக்கு, இல்லை. "அச்சாபீஸ்ல இடம் பத்தலையோ?" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நல்லவேளை, அவர்கள் படி இறங்கிய பிறகு.

அண்ணன் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிசு பண்ணி, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, "தோசை மாவு இருக்கா, வாங்கிட்டு வரணுமா?" என்று கேட்டார் என்று எழுதியிருந்தாயே. நீ எழுதிய நாலு பக்கத்தில் எனக்கு மனசில் நின்றது அந்த ஒரு வரிதான். அதற்கு நீ சொன்ன பதிலையும் எழுதியிருந்தாய்: "விடுங்க, நான் இருக்கேன்ல. அவங்க எல்லாம் செத்துட்டாங்கன்னு நெனச்சுக்கங்க." அந்தப் பதிலைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். அதற்கு முன்னால் மண்டபத்துக் கதையைக் கேள்.

திருமங்கலம் ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே, அந்த மண்டபம். உன் மாமியாரைச் சுற்றி ஒரே கூட்டம். தெரிந்துகொண்டே கேட்கிற ஆட்கள் எந்தக் கல்யாணத்திலும் நாலு பேர் இருப்பார்கள் இல்லையா, "பெரியவன் எங்கே, காணோமே?" என்று. உன் மாமியார் கண் இமைக்காமல் சொன்னார்: "துபாய்ல இருக்கான். லீவு கெடைக்கல." அண்ணன் அம்பத்தூரில் இருப்பது அந்த மண்டபத்துத் தூணுக்குக்கூடத் தெரியும். உனக்கு இதைப் படித்ததும் கோபம் வரும். எனக்கு வேறு மாதிரிப் பட்டது. உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டிய வீடுகளைப் பற்றி நாம் படித்ததில்லையா? தலை முழுகிவிட்டோம் என்று நாலு பேர் நடுவில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆட்களை நமக்குத் தெரியாதா? இந்தம்மா லீவு கிடைத்திருந்தால் வந்திருப்பான் என்கிற மாதிரி ஒரு பொய்யைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

அந்தப் பெரியம்மாவை நினைவிருக்கிறதா, எட்டுக்கல் தோடு? பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. "படிக்கப் போன எடத்துல வளைச்சுப் போட்டுட்டா. அந்தச் சாதிப் புள்ளைங்களுக்குச் சொல்லியா தரணும்" என்று என்னிடமே சொல்கிறார், எனக்கு உன்னைத் தெரியாது என்று நினைத்து. "யாரு யாரை வளைச்சாங்கன்னு எனக்குத் தெரியும் பெரியம்மா, நானும் அதே காலேஜ்தான். உங்க வீட்டுப் பையன்தான் பஸ் மாறி மாறி பின்னாடியே வந்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவருக்கு அப்பளத்தின் மேல் ரொம்ப அக்கறை வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் மாட்டி, மேடைக்குக் கூட்டி வர வேண்டியது பொண்ணின் அண்ணன். சித்தப்பா மகனை நிறுத்தினார்கள். மோதிரம் விரலில் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தேடி ஒருத்தர் ஓடினார். பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே எனக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் விஷயம். நம் பக்கத்து வழக்கப்படி மொய் மேஜையில் ஒருத்தர் எழுத, ஒருத்தர் எண்ண, ஒருத்தர் மைக்கில் வாசிக்க. என் வீட்டுக்காரர் எங்கள் மொய்யைச் செய்து முடித்துவிட்டு இன்னொரு கவரை நீட்டி, பேரைச் சொன்னார். எழுதுகிறவர் வெளியூர் ஆள், அவர் பாட்டுக்கு எழுதினார். மைக்காரர் பாட்டுக்கு வாசித்தார். "சென்னை, அம்பத்தூர்" என்று ஆரம்பித்து, உன் மாமனார் பேரைச் சொல்லி, "அவர்கள் மகன்" என்று சொல்லி, அண்ணன் பேரைச் சொல்லி, "ஐயாயிரத்து ஒண்ணு" என்று முடித்தார். பத்திரிகையில் நாலெழுத்து இடம் கிடைக்காத பேர், ஒலிபெருக்கியில் தகப்பன் பேரோடு சேர்ந்து, சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

உன் மாமனார் வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். கும்பிட்ட கை அப்படியே நின்றது. பிறகு வந்தவரைப் பார்த்து, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். மேஜைப் பக்கம் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லி அனுப்பவில்லை. கூட்டுறவு வங்கியில் காலமெல்லாம் கணக்கு எழுதிய மனுஷன், ஒரு வரி வேண்டாம் என்றால் கோடு போட்டு அடிக்கத் தெரியாதவர் இல்லை. அடிக்கவில்லை. அதை மனசில் குறித்துக்கொள்.

யார் கொடுத்த பணம் என்று கேட்கிறாயா? அண்ணன் எங்கள் வீட்டுக்காரருக்கு அனுப்பியது. "அவகிட்ட சொல்லாதீங்க, சங்கடப்படுவா" என்று ரொம்பக் கேட்டுக்கொண்டார். நான் யாருடைய சிநேகிதி? சொல்லிவிட்டேன். இதை வைத்து அவரோடு சண்டை போட்டாயென்றால் அடுத்த கடிதம் கிடையாது.

பணத்தை விடு. அதை ஏன் உனக்குத் தெரியாமல் அனுப்பினார் என்று யோசி. தங்கச்சி கல்யாணத்துக்கு மொய் செய்ய ஆசைப்படுவதே உனக்குச் செய்கிற துரோகம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது. உன்னை அவமானப்படுத்தியவர்கள் அவர்கள். அவர்களை நினைத்து ஏங்கினால் நீ என்ன நினைப்பாயோ என்று பயம். அதனால் ஏக்கத்தை முழுங்கிவிட்டு மாவு இருக்கிறதா என்று கேட்கிறார். பெற்றவர்களைப் பிரிந்த கஷ்டம் ஒன்று. அந்தக் கஷ்டத்தைக் கட்டின பெண்டாட்டியிடம்கூடக் காட்ட முடியாத கஷ்டம் இன்னொன்று. முதலாவதை நீ ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது முழுக்க உன் கையில்.

நீ அன்பில்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. "நான் இருக்கேன்ல" என்பது நம் சினிமாவெல்லாம் சேர்ந்து சொல்லிக் கொடுத்த வசனம். ஆனால் நீ அம்மா ஆக முடியாது, தங்கச்சி ஆக முடியாது, அவரோடு சேர்ந்து மாமரம் ஏறின சித்தப்பா மகன் ஆக முடியாது. நீ பெண்டாட்டி. அது போதாதா? அத்தனை நாற்காலியிலும் நீயே உட்கார்ந்துகொண்டால் அவர்கள் இல்லையே என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

சரி, இப்போது ஒரு வெள்ளைக்காரி கதை சொல்கிறேன். எங்கள் பெரிய பையன் போன மாதம் டிவியில் ஒரு படம் போட்டுக் காட்டினான், 'எ யுனைடெட் கிங்டம்', 2016இல் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல், அது எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்ததோ அதையும் தேடிப் படித்தேன். சூசன் வில்லியம்ஸ் எழுதிய 'கலர் பார்'. நிஜமாக நடந்த கதை. நம் பக்கத்துக் கல்யாணச் சண்டையெல்லாம் அதற்கு முன்னால் சும்மா.

ரூத் வில்லியம்ஸ் லண்டன்காரி. யுத்த காலத்தில் விமானப்படை மகளிர் பிரிவில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க். 1947இல் லண்டன் மிஷனரி சங்கம் நடத்திய ஒரு நடன விருந்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் கூடப்பிறந்த மூரியல். அங்கேதான் செரெட்சே காமா அறிமுகம். ஆப்பிரிக்காவிலிருந்து சட்டம் படிக்க வந்த பையன். பையன் என்றால் சும்மா இல்லை, பெச்சுவானாலாந்து என்று அப்போது பேர், இப்போது போட்ஸ்வானா, அங்கே பாமங்வாட்டோ என்கிற பெரிய கூட்டத்தின் அடுத்த தலைவர். இரண்டு பேருக்கும் ஜாஸ் இசைப் பைத்தியம். அப்புறம் என்ன, நம் காலேஜ் கேன்டீன் கதைதான்.

ரூத்தின் அப்பா நம் ஊரில் ராணுவத்தில் கேப்டனாக இருந்துவிட்டுப் போனவராம். கறுப்பரைக் கட்டினால் இந்த வாசலை மிதிக்காதே என்றுவிட்டார். செரெட்சே பக்கம் இன்னும் சிக்கல். அவருக்கு நாலு வயசில் அப்பா போய், கொஞ்ச காலத்தில் அம்மாவும் போய், தூக்கி வளர்த்தவர் சித்தப்பா செகெடி. இருபது இருபத்தொரு வயசில் தலைவர் பொறுப்பை ஏற்று, அண்ணன் மகன் வளர்ந்து வரும்வரை பார்த்துக்கொண்டவர். கிட்டத்தட்ட அப்பா. அவருக்குத் தகவல் போனதும் அங்கிருந்து தந்தி மேல் தந்தி. லண்டனில் அவருக்குத் தெரிந்த பாதிரிமார் எல்லாம் கல்யாணத்தை நிறுத்த ஓடினார்கள். சர்ச்சில் நாள் குறித்திருந்தார்கள். நடத்தி வைக்க வேண்டிய பாதிரியார் கடைசி நேரத்தில் நடுங்கிப்போய் பிஷப்பைப் பாருங்கள் என்றார். பிஷப், அரசாங்கம் சரி என்று சொன்னால் நானும் சரி என்றார். நாலு நாள் கழித்து, 1948 செப்டம்பர் 29, கென்சிங்டன் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டார்கள். உனக்கும் பதிவு அலுவலகம்தானே. சாட்சிக் கையெழுத்து போட வந்த எனக்கு நீங்கள் ஒரு காபிகூட வாங்கித் தரவில்லை, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

செரெட்சே ஊருக்குத் தனியாகப் போனார். அங்கே கோட்லா என்று ஊர் மன்றம், ஆண்கள் கூடி உட்கார்ந்து நாள்கணக்கில் பேசுகிற இடம். முதல் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் சித்தப்பா பக்கம். செரெட்சே திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: அவள் வேண்டாமென்றால் நானும் இல்லை. 1949 ஜூனில் மூன்றாவது கூட்டம். யார் என் பக்கம் என்று கேட்டார். கூட்டம் எழுந்து நின்றது. சித்தப்பா மனசு உடைந்து, தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து நாட்டார் எல்லைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

ஊர் ஒத்துக்கொண்டது. லண்டன் ஒத்துக்கொள்ளவில்லை பார். பக்கத்தில் தென்னாப்பிரிக்கா. 1948இல்தான் அங்கே மலான் ஆட்சி வந்து, அடுத்த வருஷமே கலப்புக் கல்யாணத்துக்குத் தடைச் சட்டம் போட்டது. எல்லையைத் தாண்டினால் ஒரு வெள்ளைக்காரி ராணியாக உட்கார்ந்திருப்பாள் என்றால் அவர்களுக்கு எப்படிப் பொறுக்கும்? பிரிட்டனுக்கு அவர்களுடைய தங்கமும் யுரேனியமும் வேண்டும். ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். இந்தக் கல்யாணம் ஒன்றைத் தவிர ஆள் தலைவராக இருக்க எல்லாத் தகுதியும் உள்ளவர் என்று அறிக்கை வந்தது. அதை அமுக்கி வைத்துவிட்டார்கள், பல பத்து வருஷம் வெளியிடவே இல்லை.

1950 பிப்ரவரியில், பேசலாம் வாருங்கள் என்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் லண்டனுக்குக் கூப்பிட்டார்கள். ரூத் போகவில்லை. வயிற்றில் ஆறு மாதம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. இரண்டு பேரும் போனால் இரண்டு பேரையும் திரும்ப விடமாட்டார்கள் என்று சந்தேகம். நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்று புருஷனுடைய ஊரான செரோவேயில் உட்கார்ந்துவிட்டாள். வந்து சில மாதமே ஆன ஊர், பாஷை தெரியாது, அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் அவளை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. தலைமையை விட்டுவிட்டு இங்கிலாந்திலேயே இரு, வருஷத்துக்கு 1,100 பவுன் தருகிறோம் என்றார்கள். மாட்டேன் என்றார். ஐந்து வருஷம் ஊருக்குள் நுழையத் தடை. முதல் குழந்தை செரோவேயில் பிறந்தபோது அப்பா பக்கத்தில் இல்லை. காந்தி ராட்டையோடு இருக்கிற அந்தப் பிரபலமான படத்தை எடுத்தாளே மார்கரெட் போர்க்-ஒயிட், அவள்கூட லைஃப் பத்திரிகைக்காக அங்கே வந்து இவர்களைப் படம் எடுத்திருக்கிறாள். உலகமே வேடிக்கை பார்த்த கல்யாணம்டீ அது. உனக்கு எட்டுக்கல் தோட்டுப் பெரியம்மா ஒருத்திதான்.

பிறகு இரண்டு பேரும் லண்டனுக்குத் தெற்கே குரோய்டன் பக்கம் ஒரு வீட்டில் நாடு கடந்து வாழ்ந்தார்கள். ஆட்சி மாறி வந்தவர்கள் 1952இல் தடையை நிரந்தரம் என்றே ஆக்கிவிட்டார்கள். வேண்டுமானால் ஜமைக்காவில் உத்தியோகம் தருகிறோம் என்று ஒரு சலுகை வேறு! இந்தப் பகுதியைப் படிக்கும்போதுதான் எனக்கு உன் ஞாபகம். மழை பெய்கிற ஒரு புறநகர் வீடு. ஒரு காலத்தில் கூட்டமே எழுந்து நின்ற மனுஷன் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவரை வளர்த்த சித்தப்பா எதிரி. இவள் என்ன செய்திருப்பாள்? "உங்க சித்தப்பாவாலதான் இத்தனையும்" என்று ஒரு நாளும் சொல்லவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாலு சுவருக்குள் என்ன நடந்ததோ. நானாக இருந்தால் தினமும் சொல்லியிருப்பேன்.

ஆனால் நடந்தது இது. 1956இல் சித்தப்பா லண்டன் வந்தார், அவரும் செரெட்சேவும் உட்கார்ந்து பேசினார்கள், சமாதானமானார்கள். தலைமைப் பதவி தனக்கும் வேண்டாம், பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாதாரண ஆளாக ஊர் திரும்பினார் செரெட்சே. 1958இல் ரூத்துக்கு இரட்டை ஆண் குழந்தைகள். ஒருவனுக்கு ஆன்டனி என்று பேர், இவர்களுக்காகக் கடைசிவரை நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்த டோனி பென் நினைவாக. இன்னொருவனுக்கு என்ன பேர் தெரியுமா? செகெடி. தன்னைக் கட்டக் கூடாது என்று கடல் கடந்து தந்தி அடித்த அந்தச் சித்தப்பா பேர்! வாசலில் நின்று அந்தப் பேரைச் சொல்லித்தான் அவள் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள். அடுத்த வருஷம் சித்தப்பா போய்ச் சேர்ந்தார், தன் பேர் கொண்ட பேரனை அந்த வீட்டில் விட்டுவிட்டு.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குப் பொது அறிவுப் புத்தகத்தில் கிடைக்கும். 1966இல் போட்ஸ்வானா சுதந்திரம், செரெட்சே முதல் ஜனாதிபதி. அந்த நாடுகடந்த காலத்தில் இங்கிலாந்தில் பிறந்த மகன் இயன் 2008இல் ஜனாதிபதி. 1980இல் செரெட்சே போன பிறகும் ரூத் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. 2002இல் இறந்தாள், செரோவேயில் அவர் பக்கத்தில் புதைத்தார்கள்.

நான் சொல்ல வருவது, நீயும் போய்க் காலில் விழு என்பதில்லை. ரூத் யார் காலிலும் விழவில்லை. புருஷன் பக்கத்திலிருந்து ஒரு அடி நகரவில்லை. அதே சமயம் புருஷனுடைய ஆட்களை அவர் மனசிலிருந்து தோண்டி எடுக்கிற வேலையையும் செய்யவில்லை. அவர்கள் சாத்திய கதவுக்கு இவள் இந்தப் பக்கம் தாழ்ப்பாள் போடவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ குதிப்பாய். அரிவாளோடு வருகிற வீடு வேறு. அங்கே தாழ்ப்பாள் மட்டும் போதாது, பூட்டும் போடணும், போலீசுக்கும் போகணும். 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டத்துக்கு மாவட்டம் தனிப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்றெல்லாம் உத்தரவு போட்டது இந்த மாதிரி ஜோடிகளுக்காகத்தான். உன் மாமனார் வீடு அப்படி இல்லை. பேசாமல் இருக்கிற வீடு. லதா சிங் வழக்கு என்று 2006இல் ஒன்று, அதில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: பிள்ளைகள் சாதி மாறிக் கட்டிக்கொண்டது பிடிக்கவில்லை என்றால் பெற்றவர்கள் அதிகபட்சம் உறவை வெட்டிக்கொள்ளலாம், மிரட்டவோ கை வைக்கவோ கூடாது என்று. படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அடிக்கு வைத்தியம் கோர்ட்டில் இருக்கிறது. பேசாமல் இருப்பதற்குக் கிடையாது. அதை நீங்கள் இரண்டு பேரும்தான் சுமக்க வேண்டும்.

அதனால் அண்ணன் தானாக "அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு" என்று ஆரம்பித்தால், நீ "நான் வைக்கிறது நல்லா இல்லையா?" என்று ஆரம்பிக்காதே. எப்படி வைப்பார் என்று கேள். புளி எவ்வளவு, மாங்காய் போடுவாரா, கேட்டுக்கொண்டே இரு. மொய் விஷயம் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே, அவரே ஒரு நாள் சொல்வார். சொல்லும்போது "என்கிட்ட ஏன் மறைச்சீங்க?" வேண்டாம். "ஐயாயிரத்து ஒண்ணு கம்மி" என்று சொல். ஆள் அசந்துவிடுவார்.

வீட்டுக்காரம்மா "நீங்க என்ன ஆளுங்க?" என்று மறுபடி கேட்டாளாமே. அதற்கு அண்ணனைப் பதில் சொல்லவிடு. நீ சொன்னால் வம்பு என்பார்கள், அவர் சொன்னால் வாயை மூடுவார்கள். அநியாயம்தான். ஆனால் அவர் பங்குக்கு அவர் செய்ய வேண்டியது அது. எல்லா அவமானத்துக்கும் நீயே முன்னால் போய் நின்றால், அவர் பின்னால் நின்று குற்ற உணர்ச்சியில் கரைவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

இன்னொரு ரகசியம். பத்திரம் எழுதுகிறவர் பந்தியில் எங்கள் எதிர் வரிசை. பெரியவனிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிவிட வேண்டும் என்று உங்கள் சித்தப்பா மாமனார் நச்சரிக்கிறாராம். உன் மாமனார் பதிலே சொல்லவில்லையாம். அப்படி ஏதாவது பேப்பர் வந்தால் கோபத்தில் "உங்க சொத்து யாருக்கு வேணும்" என்று அண்ணன் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள். மாமனார் தானாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். பூர்வீகச் சொத்தில் அண்ணன் பங்கு சாதி மாறிக் கட்டியதால் போய்விடாது. வேண்டாம் என்று ஒரு நாள் அவர் முடிவு செய்தால் செய்யட்டும், நிதானமாக. செரெட்சே பதவியை எழுதிக் கொடுத்தது ஆறு வருஷம் யோசித்த பிறகு.

பொண்ணு என்னை மணமகள் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, "அண்ணிகிட்ட சொல்லுங்க, நான் இனி எங்க வீட்டுக்காரர் வீடு. யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றாள். உன்னை அண்ணி என்றாள், கவனி. மூரியல் ரூத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தாள் என்று புத்தகத்தில் இருக்கிறது. கூடப்பிறந்ததுகள் இப்படித்தான் சந்துவழியாக வந்து சேரும்.

பாப்பாவுக்குக் காதுகுத்து வைகாசியில் என்றாயே. அண்ணன் சரி என்றால் உங்கள் பத்திரிகையில் தாத்தா பாட்டி பேர் இரண்டு பக்கத்துக்கும் போடு. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. அவர் அப்பா, அவர் முடிவு. ஆனால் ஒரு பத்திரிகை மட்டும் திருமங்கலத்தில் உன் மாமனாருக்குத் தபாலில் போகட்டும், நீ கையால் விலாசம் எழுதி. வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யாமல் நம் ஊரில் தெருவில் தலை காட்ட முடியாது, அதுவும் மைக்கில் வாசித்த மொய். ஐயாயிரத்து ஒன்றுக்கு மேலே கொஞ்சம் வைத்துத்தான் திருப்ப வேண்டும். தானே வருவாரோ, ஆள் அனுப்புவாரோ, உன் நாத்தனார் கையில் கொடுத்துவிடுவாரோ, அது அவர் பாடு. கணக்கில் பாக்கி வைத்துப் பழக்கமில்லாத மனுஷன்.

மொய் எழுத வெளியூர் ஆளை உட்கார வைக்காதே. என் வீட்டுக்காரரை உட்கார வை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆட்களையும் தெரியும்.

இப்படிக்கு,
இன்னும் அந்தக் காபிக்காகக் காத்திருக்கும்
உன் சாட்சிக் கையெழுத்து